எண்ணெய் வேனில் என் குரல்

எட்டு மாதங்கள் என் குரல் எண்ணெய் விற்றது. நான் கடையில் உட்கார்ந்து போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டிருப்பேன். அதே நேரத்தில் அது அக்கரப்பத்தனையிலிருந்து டயகம வரைக்கும் தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, யாருக்குக் கழுத்து வலி, யாருக்கு முட்டி வலி என்று விசாரித்துக்கொண்டு திரியும். நான் கால் வைக்காத லயங்களுக்கெல்லாம் அது போய்வந்திருக்கிறது.

எனக்குக் கடைத்தெருவில் ஒரு கொமினிகேசனில் வேலை. ஃபோனுக்கு ரீலோட் போடுவேன், விண்ணப்பப் படிவம் நிரப்புவேன், கலியாண வீட்டுப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பேன். இருப்பது பக்கத்துத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். கணவர் கொழும்பில் ஒரு சாமான் கடையில் நிற்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் மாமியாரும்தான். மாமியார் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு வாங்கியவர். ஓய்வு வாங்கியது கைகள் மட்டும். வாய் இன்னும் தினமும் வேலைக்குப் போகிறது.

அந்த எண்ணெய்க்காரரை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடாமல் பெய்த மழைக்கு மண் சரிந்து எங்கள் கீழ் லயத்தில் சில குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கி, திரும்பி வந்திருந்த சமயம். நிவாரணம் வரப்போகிறது என்று பெயர் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். அரிசி, பருப்பு, மா எல்லாம் தருவார்கள் என்று பேச்சு. அப்படி எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும்போது, ஒரு வேன் மெதுவாக மேட்டில் ஏறி வந்தது. அதன் தலையில் இருந்த ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல், வானொலிச் செய்தி வாசிப்பதுபோல அழுத்தம் திருத்தமாகச் சொன்னது:

"சர்வரோக நிவாரணி! சர்வரோக நிவாரணி! உங்கள் வாசலுக்கே வந்துவிட்டது!"

துணி துவைத்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார்.

"ஏ புள்ள, நெவாரணம் வந்திருச்சி! குடும்ப அட்டைய எடு! அப்படியே அந்த அரிசிப் பையையும் எடு!"

"நம்ம வீட்டுக்கு ஒண்ணும் ஆகலியே அத்த. நம்ம பேர எழுதவே இல்லியே."

"எழுதலைன்னா என்ன? ஆளப் பாத்தா எழுதிக்குவாங்க."

நான் போய்ச் சேருவதற்குள் வேனுக்கு முன்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். கையில் பை, சாக்கு, சிலரிடம் பிளாஸ்டிக் வாளி. மாமியார் எப்படியோ முதல் ஆளாக நின்றார். வேனை ஓட்டி வந்தவர் ஒருவர்தான். அறுபது வயதைத் தாண்டியவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. வரிசையைப் பார்த்ததும் அவர் முகம் அப்படி மலர்ந்தது. பாவம், அவ்வளவு பேர் தன்னுடைய சரக்குக்காக வரிசையில் நின்று அவர் பார்த்ததே இல்லையாம். பிறகு சொன்னார்.

"எத்தன கிலோங்க?" என்றார் மாமியார்.

"கிலோவோ? இது போத்தலம்மா, போத்தல்," என்று ஒரு பச்சைப் போத்தலைத் தூக்கிக் காட்டினார் அவர். பேச்சைக் கேட்டதும் யாழ்ப்பாணத்துக்காரர் என்று தெரிந்துவிட்டது.

"பருப்பு இல்லீங்களா?"

"பருப்பு இல்லை. இது நாரிப்பிடிப்புக்கு நல்லதம்மா. நாரி நோவெண்டால் ரெண்டு நாளிலை சுகம்."

மாமியார் பின்னால் திரும்பினார். "என்னமோ நாறிப் போனதுங்கிறாரு."

வரிசையில் அது ஒரு நிமிடத்தில் கடைசி ஆள் வரைக்கும் போய்விட்டது. "நாறிப்போன பருப்பத்தான் நமக்குக் குடுக்கிறாங்களாம்!" "நம்மன்னா அம்புட்டு எளப்பமா?" என்று குரல்கள் எழும்பின. ஒருவர் வாளியைத் தரையில் டமார் என்று வைத்தார். இரண்டு பேர் கம்பெடுக்கிற அளவுக்குக் கோபத்தில் இருந்தார்கள். எண்ணெய்க்காரர் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணாடிக்குள்ளே மிரள மிரள விழித்தார்.

நல்ல வேளையாக எனக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சு கொஞ்சம் பழக்கம். எனக்குப் படிப்பித்த ஆசிரியைகளில் இரண்டு பேர் அந்தப் பக்கத்தவர்கள். நாரி என்றால் இடுப்பு என்று எனக்குத் தெரியும். வேனின் படியில் ஏறி நின்றுகொண்டு கத்தினேன்.

"இது நெவாரணம் இல்ல! தேய்க்கிற எண்ணெ! நாரின்னா அவங்க ஊருல இடுப்பு! நாத்தம் இல்ல, இடுப்பு!"

முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பையைச் சுருட்டிக்கொண்டு கலைந்து போனார்கள். ஒரு போத்தல்கூட விற்கவில்லை. மாமியார் மட்டும் போகும்போது, "இடுப்ப இடுப்புன்னு சொன்னா என்னவாம்?" என்று அவரைக் கேட்டுவிட்டுப் போனார்.

அவர் என்னிடம் மெல்லக் கேட்டார். "பிள்ளை, நான் கதைக்கிறது இவையளுக்கு விளங்கேல்லையோ?"

"வெளங்குதுங்க ஐயா. வேற மாதிரி வெளங்குது."

போத்தல்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கியபடி அவர் தன் கதையைச் சொன்னார். அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் நுவரெலியாவில் ஆசிரியை. மகளோடு இருக்க வந்தவர். எண்ணெய் அவருடைய மாமனாரின் கைப்பக்குவம். மாமனார் யாழ்ப்பாணத்தில் பேர் போன நாட்டு வைத்தியர். நாட்டு வைத்தியரை அவர்கள் பரியாரி என்பார்கள். குளிர் நாட்டில் மூட்டு வலிக்குக் குறைவிருக்காது என்று நினைத்து, உரிய அனுமதியெல்லாம் எடுத்து, லேபிள் அடித்து, வேனும் வாங்கி இறங்கிவிட்டார்.

"போன கிழமை ஒரு தோட்டத்திலை, பரியாரியாற்றை மருமகன் வந்திருக்கிறார் எண்டு சொன்னன். நாலு பேர் துவாயோடை வந்து குந்திச்சினம். ஏனெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க பக்கம் பரியாரின்னா முடி வெட்டுறவருங்க ஐயா."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தன் தலையைத் தடவிக்கொண்டார். "அதுதான் ஒருத்தர் காதுப்பக்கம் கட்டையா வெட்டச் சொன்னவர்," என்றார்.

இரண்டு நாள் கழித்து அவர் கடைக்கு வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். கோயில் திருவிழாவில் மைக்கில் பேசுவது நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தொலைந்துபோன பிள்ளை, கழன்று விழுந்த கொலுசு, அன்னதானம் கொடுப்பவர் பெயர் எல்லாம் பல வருஷமாக என் வாயால்தான் ஊருக்குத் தெரியும்.

"உங்கடை ஆக்களுக்கு விளங்கிற மாதிரி ஒருக்கா எழுதிப் பேசித் தரவேணும் பிள்ளை."

தாளை வாசித்தேன். 'நாரிப்பிடிப்பு, உளைவு, வாதம், தடிமன் முதலியவற்றுக்கு வெளிப்பூச்சாக உபயோகிக்கும் கைகண்ட மருந்து' என்று ஆரம்பித்தது. அழகான கையெழுத்து. ஆனால் ஒரு சொல்கூட எங்கள் லயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராது.

முதலில் மருந்து என்ற சொல்லையே எடுக்கச் சொன்னேன்.

"ஏன் பிள்ளை? மருந்தை மருந்தெண்டு சொல்லாமல்?"

"இங்க மருந்துன்னா தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் அடிக்கிறதுங்க. முதுகுல டாங்கியக் கட்டிக்கிட்டு அடிப்பாங்களே, அது. வீட்டுல ஒருத்தன் பொண்டாட்டி பேச்சு அதிகமா கேட்டான்னா, அதுக்கும் 'மருந்து வச்சிட்டா'ன்னுதான் சொல்லுவாங்க."

அவர் பேனாவை எடுத்து மருந்தை அடித்தார். "அப்ப தைலம்?"

"தைலம்னா சின்னப் போத்தல்ல, மூக்குல வச்சி மோந்து பாக்குறது. உங்க போத்தல் பெருசு."

"களிம்பு?"

"அது புண்ணுக்கு."

குளிசையும் போயிற்று, எங்கள் பக்கம் அது மாத்திரை. அவர்கள் சளியைச் சொல்லும் தடிமனைப் பார்த்து, "இது ஒடம்பு குண்டானவங்களுக்கான்னு கேப்பாங்க," என்றேன். அவர் தடிமனையும் அடித்தார். கடைசியில் தாளில் மிஞ்சியது 'முதலியவற்றுக்கு' மட்டும்தான். எண்ணெய் என்றே சொல்வோம் என்று முடிவானது. தேய்க்கிற எண்ணெய்.

அன்றைக்கு மத்தியானம் கடையில் கூட்டமில்லை. நான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத எனக்கே உற்சாகம் பிடித்துக்கொண்டது. கோயில் மைக்கில் மற்றவர்கள் எழுதித் தருவதைத்தான் வாசித்திருக்கிறேன். இது என் சொந்த வசனம். நான் யாரையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. மாமியாரை நினைத்துக்கொண்டேன்.

"அக்கா, கூடைக் கயிறு இழுத்து இழுத்து கழுத்து மரக்கட்டையாட்டம் ஆயிருச்சா? மேடு ஏறி எறங்கி முட்டி கடகடன்னு பேசுதா? குனிஞ்சி நிமுந்தா இடுப்பு ஒரு பக்கமும் நீங்க ஒரு பக்கமும் போறீங்களா? அண்ணே, தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டி தோள்பட்ட கழண்டு வருதா? ஈரக் கால்ல நிக்காதீங்க. சுடுதண்ணில கழுவி, தொடச்சி, இந்த எண்ணெயத் தேய்ங்க. நல்லா, சூடு பறக்கத் தேய்ங்க!"

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் திருவிழா மைக் பழக்கம். கடைசியில் ஒரு இழுவை வேண்டும் என்று தோன்றியது. எடுக்கச் சொன்ன மருந்தை நானே திரும்ப உள்ளே விட்டு எழுதினேன்:

"இந்த எண்ணெ வீட்டுல இருக்கையில, இன்னொரு மருந்து எதுக்குங்க?"

அவர் வாசித்துப் பார்த்தார். அந்த இடத்தில் விரல் நின்றது. "இது நான் சொல்லேல்லையே பிள்ளை."

"சும்மா முடிக்கிறதுக்குத்தாங்க. கேக்க நல்லா இருக்கும்."

"கேக்க நல்லாத்தான் இருக்கு," என்று தாளைத் திருப்பித் தந்தார்.

கடையின் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு என் ஃபோனிலேயே பதிவு செய்தோம். முதல் தடவை தகரத்தில் மழை கொட்டியது. இரண்டாவது தடவை நாய். மூன்றாவது தடவை அவருக்குத் தும்மல். நான்காவது தடவை எல்லாம் சரியாக வந்தது, 'தோள்பட்ட கழண்டு வருதா' என்ற இடத்தில் ஹட்டன் பஸ் போட்ட ஹோர்னைத் தவிர. இனி முடியாது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அதனால் அந்த வேன் போன இடமெல்லாம் ஜனங்கள் தோள்பட்டை வந்ததும் ரோட்டோரம் ஒதுங்கி, பஸ்ஸைத் தேடிப் பார்த்தார்கள்.

எண்ணெய் விற்றது. சும்மா இல்லை, நன்றாகவே விற்றது. மலையில் நிற்கிற பெண்கள் என் குரலோடு பேசவே ஆரம்பித்துவிட்டார்களாம். "முட்டி கடகடன்னு பேசுதா?" என்று நான் கேட்டால், மேலிருந்து "பேசுது தாயி, வாய மூட மாட்டேங்குது!" என்று பதில் வருமாம். எண்ணெய்க்காரர் கடைக்கு வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரிப்பார். கடையில் ரீலோட் போட வந்தவர்கள் நான் நம்பர் கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, "நீங்க அந்த எண்ணெதானே?" என்பார்கள். ஆமாம், நான் அந்த எண்ணெய்தான் என்று ஒப்புக்கொள்வேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. பொய் சொல்வானேன், நிறையவே இருந்தது.

எண்ணெய் வேலை செய்ததா என்று கேட்டால், கற்பூர வாசனை தூக்கலாக இருந்தது, தேய்த்தால் சூடு ஏறியது, கொஞ்ச நேரத்துக்கு வலி மறந்தது. அதில் பாதி எண்ணெய், பாதி தேய்ப்பு என்பது என் எண்ணம். எங்கள் பெண்களின் காலை உட்கார்ந்து தேய்த்துவிட அதற்கு முன் யார் இருந்தார்கள்? ஸ்பீக்கர் சொன்னது என்பதற்காகச் சில வீடுகளில் புருஷன்மார் தேய்த்துவிட்டதாகக் கேள்வி. அதுவே பெரிய விஷயம்.

மாமியார் கதை தனி. ஈரக் காலோடு நிற்காதீர்கள் என்று நான் வீட்டில் சொல்லிச் சொல்லி அலுத்தவள். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். வேன் வந்து போன மறுநாள் பார்த்தால், சுடுதண்ணீரில் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, கம்பளிச் சொக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நா சொன்னப்ப கேக்கலியே அத்த?"

"நீ எப்ப சொன்ன?"

"அந்த ஸ்பீக்கர்ல பேசுறதும் நாந்தான்."

"அது வேற," என்றார். "வீட்டுல நீ வாய்க்கு வந்ததப் பேசுவ. மைக்குல பேசுறப்ப யோசிச்சிப் பேசுற."

அவர் சொன்னதில் இருந்த வினை அப்போது எனக்குத் தெரியவில்லை.

மாமியாருக்குப் பிரஷர் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போவேன். வெள்ளை மாத்திரை காலையில் ஒன்று, சின்ன மஞ்சள் மாத்திரை இன்னொன்று. அடுத்த கிளினிக் நாளும் வந்தது. பஸ்ஸில் போய், வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து மேசைக்குப் போனோம். நர்ஸ் மிஸ்ஸி கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். பார்த்தார். இன்னொரு தடவை காற்றடித்தார். முகம் மாறிவிட்டது.

"பெஹெத் நெவத்துவத?" என்று மாமியாரைச் சிங்களத்தில் கேட்டார். மருந்தை நிறுத்திவிட்டீர்களா என்று.

மாமியார் தலையை ஆட்டினார். வருத்தமெல்லாம் இல்லை. சாதனை செய்தவரின் தலையாட்டல்.

மிஸ்ஸி தமிழுக்கு மாறினார். "யாரு நிப்பாட்ட சொன்னது அம்மா?"

"ஸ்பீக்கர்ல சொன்னாங்க மிஸ்ஸி. இந்த எண்ணெ இருக்கையில இன்னொரு மருந்து எதுக்குன்னு."

"எந்த ஸ்பீக்கர்? யாரு பேசுறது?"

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. காட்டிக்கொடுக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கூரையைப் பார்த்தார். நான்தான் வாயைத் திறந்தேன்.

"மிஸ்ஸி, அது வந்து..."

மூன்று சொல்தான். பின்னால் வாங்கில் இருந்த ஒரு அம்மா துள்ளி எழுந்தார். "ஐயோ, அந்த எண்ணெப் புள்ள! நீதானா அது? தாயி, நானும் சீனி மாத்திரைய விட்டுட்டேன், கால்ல எண்ணெதான் தேய்க்கிறேன்." அவருக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். அவரும் விட்டுவிட்டாராம். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் என்று சமாதானம் சொன்னார்.

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. மிஸ்ஸி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமியாரை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, டொக்டரைக் கூப்பிட்டு, மருந்து கொடுத்து, இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். மாமியாரின் கை பட்டி அழுத்திய இடத்தில் சிவந்திருந்தது. அந்த உடம்பைத்தான் நான் நினைத்து நினைத்து எழுதினேன். அதற்கே இப்படிச் செய்துவிட்டேன்.

பிரஷர் இறங்கியதும் வீட்டுக்கு விட்டார்கள். மிஸ்ஸி என் கையில் அட்டையைத் தரும்போது, "நீங்க சொன்னா கேக்குறாங்க தானே?" என்று மட்டும் கேட்டார். அதைப் போன்ற ஒரு ஏச்சை நான் வாங்கியதே இல்லை.

பஸ்ஸில் வரும்போதே எண்ணெய்க்காரருக்கு ஃபோன் செய்தேன். மறுநாள் காலையில் ஸ்பீக்கரை அணைத்துக்கொண்டு வேனை மெதுவாகக் கொண்டுவந்து கடை முன்னால் நிறுத்தினார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். கிழமைக்கு ஏழு அறை, ஒவ்வொன்றிலும் மாத்திரை.

"நானே ஒவ்வொரு நாளும் போடுறனான் பிள்ளை. பிரஷருக்கும் இருக்கு, சீனிக்கும் இருக்கு. என்ரை எண்ணெயைப் பூசிப்போட்டு இதை நான் ஒருநாளும் விட்டதில்லை."

"அந்த வரிய எழுதினது நாந்தானுங்க ஐயா."

"வாசிச்சது நான்தானே. கேக்க நல்லாயிருக்கெண்டு விட்டனான். ஆயிரம் பைல் பாத்த மனிசன். ஒரு வரியைப் பாக்கேல்லை."

அவர் பேனாவை எடுத்தார்.

இந்த முறை எங்களுக்குள் சண்டை வந்தது. அவர் 'வைத்திய ஆலோசனையின்றி மாத்திரைகளை நிறுத்துவது தவிர்க்கப்பட வேண்டும்' என்று எழுதினார். அதைக் கேட்டால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது என்றேன். அவர் கோபித்துக்கொண்டார். முப்பது வருஷம் அப்படித்தான் எழுதினாராம், ஒருவரும் குறை சொல்லவில்லையாம். எழுதியது விளங்கியிருந்தால்தானே குறை சொல்ல என்று நான் வாய்க்குள் முனகினேன். அது அவருக்கு நன்றாகவே விளங்கிவிட்டது. ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிந்த பிறகுதான் முகம் கொடுத்தார். நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

"அக்கா, அண்ணே, ஒரு நிமிசம் நில்லுங்க. இன்னொரு மருந்து எதுக்குன்னு முன்ன கேட்டேன் பாருங்க, அது தப்பு. நாந்தான் தப்பா சொல்லிட்டேன். இது மேலுக்குத் தேய்க்கிற எண்ணெ, அம்புட்டுத்தான். பிரஷருக்கும் சீனிக்கும் கிளினிக்ல குடுத்த மாத்திரைய நிப்பாட்டாதீங்க. நிப்பாட்டினவங்க இன்னைக்கே போய் மிஸ்ஸியப் பாருங்க. ஏசுவாங்க. ஏசட்டும், போங்க."

'நான் தப்பாச் சொல்லிட்டேன்' என்று ஒரு வியாபாரி தன் ஸ்பீக்கரில் போட்டு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். "சரி. ஆனால் நான்தான் எண்டு சொல்லாதை. நாங்கள் எண்டு சொல்லு," என்றார்.

அவர் அதோடு நிற்கவில்லை. இரண்டு நாட்கள் வேனில் ஒரு போத்தல்கூட ஏற்றாமல், போன தோட்டமெல்லாம் திரும்பப் போய் அந்த ஒலிப்பதிவை மட்டும் போட்டார். சனிக்கிழமை நானும் கூடப் போனேன். லயத்து முற்றங்களில் இறங்கி நின்று, கேட்டவர்களுக்கு நேரில் சொன்னேன். திட்டினவர்கள் இருந்தார்கள். ஒரு அம்மா, "அப்ப நீ சொல்றது எதத்தான் நம்புறது?" என்று கேட்டார். அவர் கையிலிருந்த கிளினிக் அட்டையைக் காட்டி, இதில் எழுதியிருப்பதை நம்புங்கள் என்றேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சிங்களத்துல இல்ல இருக்கு?" என்றார். உட்கார்ந்து வாசித்துச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு அப்படி எத்தனையோ அட்டைகள்.

வீட்டில் மாமியாரை வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து மாத்திரையை நான் கையில் கொடுத்து, விழுங்குகிற வரைக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். கண்ணை எடுத்தால் முந்தானையில் முடிந்துவிடுவார். "வாயத் தொறங்க அத்த" என்று நான் நாக்கைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். "ஸ்பீக்கர்ல ஒண்ணு சொல்ற, வீட்டுல ஒண்ணு சொல்ற. எந்தப் பக்கம்தான் போவ நீ?" என்பார்.

புதிய ஒலிப்பதிவோடு வேன் எங்கள் லயத்துக்கு வந்தபோது அவர் முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து நின்று முழுவதையும் கேட்டார். தலையை ஆட்டினார். உள்ளே போய் அன்றைய மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தார்.

"இப்பத்தான் சரியா சொல்றா," என்றார் என்னிடம், யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.

அதற்கப்புறம் எண்ணெய் விற்பனை பாதியாக இறங்கியது. அவர் அதை எதிர்பார்த்திருந்தார். கொஞ்ச காலம் எங்கள் பக்கம் சுற்றிவிட்டுப் பண்டாரவளைப் பக்கம் போனார். இப்போதும் எப்போதாவது ஃபோன் செய்து, "பிள்ளை, மரத்துப்போறதை உங்கடை ஆக்கள் என்னெண்டு சொல்லுறவை?" என்று ஏதாவது ஒரு சொல் கேட்பார். சொல்வேன். நோகுது, உளையுது என்று அவர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. உளைச்சல் என்று எங்களிடமும் ஒன்று உண்டு, அது மனதுக்கு. அவர்களுக்கு அது காலில் வருகிறது.

அடுத்த கிளினிக்கில் மாமியாருக்குப் பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. மிஸ்ஸி அட்டையில் குறித்துவிட்டு, மேசை லாச்சியிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து என்னிடம் நீட்டினார். தோட்டத்தில் நடக்கப்போகிற பரிசோதனைக்கு ஆட்களை அழைக்கும் அறிவித்தல். வண்டியில் ஸ்பீக்கர் கட்டி என் குரலில் போடவேண்டுமாம். 'தொற்றா நோய்களுக்கான பரிசோதனை முகாம்' என்று தலைப்பு.

அன்று பின்னேரம் அடுப்படியில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

"தொற்றா நோயின்னு இருக்கு அத்த."

"தொத்துற நோயா? அப்ப ஒருத்தியும் வீட்ட விட்டு வெளிய வரமாட்டா."

"தொத்தாத நோயி."

"தொத்தாட்டி எதுக்குப் பரிசோதன? பிரஷரு, சீனி பாக்குறாங்கன்னு சொல்லு."

அப்படியே எழுதினேன். அடுத்த வரியில், 'உணவு உட்கொள்ளாத நிலையில் சமூகமளிக்கவும்' என்றிருந்தது. வெறும் வயிற்றில் வாருங்கள் என்று மாற்றினேன். மாமியாருக்கு அதுவும் போதவில்லை.

"வெறும் வயித்துலன்னா ரொட்டியத்தான் திங்கக்கூடாதுன்னு நெனப்பாளுக. பால் தேத்தண்ணி, சாயத்தண்ணி எதுவும் குடிக்கக்கூடாது, சீனியும் நக்கக்கூடாதுன்னு தனியா சொல்லு. அப்புறம், வர்ற வழியில வெத்தல போடக்கூடாதுன்னும் சொல்லு."

"வெத்தலையுமா அத்த?"

"பின்ன? நா போன தடவ போட்டுக்கிட்டுத்தானே வந்தேன்," என்றார்.

நான் அதையும் எழுதிக்கொண்டேன்.